வடக்குச் சரிவில் முப்பது நாள்

எலாதியோ பாந்தா கெரெவலு. பிறப்பு 1956, செச்சுரா. இறப்பு 2023, வார்மெய். இடையில் 1990 முதல் 2021 வரை முப்பத்தோராண்டுகள் சான் பசிலியோ தீவின் காவலராக இருந்தார்.

அந்தத் தீவில் மரமும் இல்லை, நன்னீரும் இல்லை. இருப்பவை பறவைகளும் அவற்றின் எச்சமும். அந்த எச்சத்தைத்தான் எங்கள் நிறுவனம் குவானோ உரமாக வெட்டி மூட்டை கட்டி விற்றுவந்தது. காவலரின் கடமை, முட்டை திருடுவோரையும் வெடிவைத்து மீன் பிடிப்போரையும் தீவில் கால் வைக்க விடாமல் தடுப்பது. அதைவிடக் கடினமான கடமை, தானே பறவைகளுக்குத் தொந்தரவாகிவிடாமல் நடப்பது. அடைகாக்கும் பறவை வெருண்டு எழுந்தால் அடுத்த நொடியே கடற்காகம் இறங்கி முட்டையைக் கொத்தும். ஆகவே காவலர் குனிந்து நடக்கவேண்டும். பறவையை நோக்கி நேராகச் செல்லாமல் சாய்வாகச் செல்லவேண்டும். அதை ஏறிட்டுப் பார்க்கவும் கூடாது. எலாதியோவுக்கு இந்த நடை உடம்போடு ஒட்டிவிட்டது. மாதத்தில் நான்கு நாள் விடுப்பில் கரைக்கு வரும்போது வார்மெய்ச் சந்தையிலும் அப்படித்தான் நடப்பார். ரொட்டிக் கடையை நேராக அணுகாமல், பக்கத்துக் கடைக்குப் போகிறவர் போல வந்து சட்டென்று திரும்புவார்.

“ரொட்டி பறந்துடாது, தோன் எலாதியோ. தைரியமா வாங்க,” என்பான் படகோட்டி காசிமீரோ; ‘தோன்’ எங்கள் பக்கத்து மரியாதை விளிப்பு.

“உன்ன மாதிரி மிதிச்சுக்கிட்டு வந்தா ரொட்டி என்ன, அடுப்பே பறந்துடும்,” என்பார் அவர்.

நான் அந்நிறுவனத்தின் கரை அலுவலகத்தில் ஆவணக் காப்பாளனாக முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றினேன். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை காசிமீரோவின் படகில் எலாதியோவின் நாட்குறிப்புத் தாள்கள் என்னிடம் வரும். சிறிய, நிமிர்ந்த எழுத்து. அடித்தல் திருத்தல் அரிது. மனைவி 2006இல் இறந்தபோது, “விடுப்பு ஆறு நாள். காரணம்: குடும்பம்” என்று மட்டும் எழுதியிருந்தார். மகள் நில்தாவை அத்தை வளர்த்தாள். நான் கீழே சொல்வனவற்றில் பெரும்பகுதி அந்தத் தாள்களில் உள்ளது. எஞ்சியதை நானே கண்டேன், அல்லது உரியவர்களிடம் கேட்டேன்.

1998ஆம் ஆண்டில் கடல் சூடேறியபோது மீன்கள் அகன்றன. மீன்களோடு கூழைக்கடாக்களும் வடக்குச் சரிவைக் கைவிட்டன. இருபதாண்டுகள் கழித்து, 2018 செப்டம்பர் 9 அன்று எலாதியோ எழுதினார்: “வடக்குச் சரிவு. கூழைக்கடா, பதினேழு ஜோடி. கூடு கட்டுகின்றன.” அக்டோபர் நடுவில் கூடுகள் அறுநூறை எட்டின. வழக்கமாகக் காற்றையும் கடலையும் பற்றி மட்டுமே எழுதும் மனிதர், அந்தத் தாளின் அடியில், தேவையே இல்லாமல், “காலையில் அவற்றின் குரல் வீடு வரை கேட்கிறது” என்றும் எழுதியிருந்தார்.

இடர் என்னவெனில், வடக்குச் சரிவு அந்த ஆண்டின் வெட்டுப் பட்டியலில் இருந்தது. டிசம்பரில் மலைநாட்டிலிருந்து இருநூறு கூலியாட்கள் மண்வெட்டியோடு அங்கே இறங்குவதாக ஏற்பாடு. கூடுள்ள சரிவில் வெட்டக்கூடாது என்பது எங்கள் விதி. ஆனால் கூடு இருப்பதைத் தொடர்ச்சியான முப்பது நாள் படங்களால் நிறுவவேண்டும் என்பதும் விதி. முன்னொரு காலத்தில் சில காவலர்கள், இருநூறு பேரின் கூச்சலுக்கு அஞ்சி, இல்லாத பறவைகளை எழுதிக் காட்டியதன் விளைவு அது. இடையில் நான்கு நாள் வரை விடுபட்டால் பொறுக்கப்படும். ஐந்தாவது நாளும் விடுபட்டால் பதிவு செல்லாது.

முப்பது நாளும் கேமராவோடு கூடுகளின் அருகே போய்வந்தால் முப்பதாம் நாள் படமெடுக்கக் கூடுகள் இரா. இதற்கு வழி சொன்னவர், அத்தீவில் முன்பு நீர்க்காகங்களை ஆராய்ந்த யெசேனியா என்ற பெண்மணி. அவரிடம் பழைய சிறு கேமரா ஒன்று இருந்தது. அதன் மெமரி கார்டில் ஒரு கூடுதல் மென்பொருளை ஏற்றியிருந்தார். தயாரிப்பாளர்கள் வைத்ததல்ல, ஆர்வலர்கள் எழுதி இலவசமாகப் பகிர்ந்தது. கேமராவின் சொந்த மென்பொருளை அழிக்காமல், அதன் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அதற்குத் தெரியாத வேலைகளையெல்லாம் அதைக்கொண்டே செய்விக்கும். கேமராவிலிருந்து ஒரு கம்பி சிறு பெட்டிக்குச் செல்லும். பெட்டி காவலர் வீட்டிலுள்ள கைப்பேசியோடு கம்பியில்லாமல் பேசும். கைப்பேசியில் ஒரு செயலி. அதில் விரலை வைத்தால் முந்நூறு மீட்டர் தள்ளி, பறவைகளின் நடுவே, ஓசையின்றிப் படம் பதிவாகும்.

அக்டோபர் 18 அன்று யெசேனியா அதை நிறுவிவிட்டு எலாதியோவுக்குப் பாடம் சொன்னார்.

“கார்டோட ஓரத்துல ஒரு குட்டித் தாழ்ப்பாள் இருக்கு, பாருங்க. அது பூட்டியே இருக்கணும்.”

“பூட்டினா படம் எப்படி டாக்டரம்மா உள்ள போகும்?”

“மத்த கேமரான்னா போகாதுதான். இதுல நம்ம மென்பொருள் கார்டுக்குள்ளதான் படுத்திருக்கு. கார்டு பூட்டியிருந்தாத்தான் கேமரா அதை எழுப்பும். எழுந்ததும் அது பூட்டை மதிக்காது, படத்தை எழுதிடும். திறந்திருந்துச்சுன்னா இது வெறும் கேமரா. மூணு நிமிஷத்துல தூங்கிடும். உங்க ஃபோன் கூப்பிட்டாலும் எழுந்துக்காது.”

“கதவு பூட்டியிருந்தா மட்டும் வீட்டுக்குள்ள போற ஆளு. திருடன்தான்.”

“திருடன்தான். நல்ல திருடன்.”

கைப்பேசித் திரையில் முதல் படம் வந்தபோது அவர் அதைக் கண்ணருகே கொண்டுபோனார் என்று யெசேனியா சொன்னார். பெரிய அலகைத் தாழ்த்தி, கால்களுக்கடியில் முட்டையைத் திருப்பிக்கொண்டிருந்த ஒரு பறவை. முப்பத்தோராண்டுப் பணியில் இருபத்தெட்டாம் ஆண்டு அது. அதுவரை அவர் எந்தக் கூழைக்கடாவையும் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

அக்டோபர் 19 முதல் நாள். ஒவ்வொரு நாளும் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, மணிக்கு ஒரு படம். கார்டை மாற்றவேண்டியது பதினைந்தாம் நாள் முடிந்த பின். அதற்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டார்: விடியுமுன், பனிமூட்டம் கடலிலிருந்து ஏறி வரும் நேரத்தில், வயிற்றால் ஊர்ந்து செல்வது, வெளிச்சம் பறவையை எழுப்பும் என்பதால் கைப்பேசியை வீட்டிலேயே விடுவது, கேமராத் திரையின் மேல் கறுப்பு நாடா ஒட்டிவைப்பது, கார்டை விரலால் தடவியே மாற்றுவது.

அதே மென்பொருளை ஏற்றிய மாற்றுக் கார்டை யெசேனியா ஊர் திரும்பும் வழியில் என் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போனார். ஆவணத்துக்குரிய எந்தப் பொருளும் எண்ணிடப்படாமல் பயன்படக்கூடாது என்பது நான் கடைப்பிடித்த ஒழுங்கு. அவருக்கு லீமா பேருந்துக்கு நேரமாகிவிட்டது; அதிகம் பேசவில்லை. நான் கார்டில் ‘2’ என்று ஒட்டினேன். அதன் தாழ் பூட்டிய நிலையில் இருந்ததைக் கண்டேன். வெற்றுக் கார்டு திறந்திருக்கவேண்டும், நிறைந்த கார்டு பூட்டியிருக்கவேண்டும் என்பதை அலுவலகத்தில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான். நகத்தால் தாழைத் தள்ளித் திறந்தேன். “கார்டு எண் 2. பூட்டியிருந்தது, பதிவுக்கு ஏதுவாகத் திறந்துவைக்கப்பட்டது” என்று குறிப்பெழுதி, உறையில் இட்டு, நவம்பர் 2 படகில் அனுப்பினேன்.

நவம்பர் 3, சனிக்கிழமை, விடியுமுன் எலாதியோ ஊர்ந்து சென்று கார்டை மாற்றித் திரும்பினார். ஒரு பறவையும் எழவில்லை. ஆறு மணிக்குக் கைப்பேசியில் விரல் வைத்தார். கேமரா பதிலளிக்கவில்லை. அன்று முழுவதும் பதிலளிக்கவில்லை. பெட்டியின் மின்கலத்தை ஐயுற்றார், கம்பியை ஐயுற்றார். அலுவலகக் காகிதங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் படிப்பதே அவர் வழக்கம். மறுநாள் ஞாயிறு. உறையைப் பிரித்து என் குறிப்பைப் படித்தார். அன்றைய தாளில் இவ்வளவே உள்ளது: “காரணம் தெரிந்தது. பனிமூட்டத்துக்குக் காத்திருக்கிறேன்.”

ஒரு நக அசைவில் சரியாகிவிடக்கூடிய பிழை. ஆனால் அந்தத் தாழ் கூடுகளின் நடுவே இருந்தது; நவம்பரில் பனிமூட்டம் மெலியத் தொடங்கும். நான்காம் தேதியும் ஐந்தாம் தேதியும் ஆறாம் தேதியும் வானம் துடைத்தாற்போல் விடிந்தன. அவர் இருகண் தொலைநோக்கியோடு பாறை மேல் உட்கார்ந்து, மணிக்கு ஒருமுறை கூடுகளை எண்ணி, கேமரா செய்திருக்கவேண்டிய வேலையைக் கையால் எழுதினார். ஐந்தாம் தேதித் தாளில் “முதல் குஞ்சு பொரிந்தது” என்றிருக்கிறது. கூழைக்கடாக் குஞ்சு பிறக்கும்போது உடம்பில் ஒரு தூவிகூட இராது.

ஏழாம் தேதி ஐந்தாவது நாள். அதுவே கடைசி வாய்ப்பு. நான்கு மணிக்கு மெல்லிய மூட்டம் வந்தது. ஊர்ந்து புறப்பட்டார். பாதித் தொலைவில் மூட்டம் கலைந்தது. ஓரத்திலிருந்த பறவைகள் தலை தூக்கின, சில எழுந்தன. அவர் முகத்தை எச்சத்தில் புதைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தார். தலைக்கு மேலே கடற்காகங்கள் வந்தன. “மூன்று கூடுகள்” என்கிறது அன்றைய தாள். “கேமராவுக்கு இன்னும் முப்பது மீட்டர். போனால் நூறு கூடுகள் போகும். திரும்பினேன்.” பறவைகள் மீண்டும் அமரும் வரை காத்திருந்து, இரண்டு மணி நேரம் கழித்தே திரும்ப ஊர்ந்தார் என்பது அடுத்த வரியால் தெரிகிறது.

நவம்பர் 20 அன்று கரை அலுவலகத்தில் கூட்டம். பொறியாளர் பர்ராந்தெஸ் தலைமை, எலாதியோ எதிரில், நடவடிக்கைக் குறிப்பெழுத நான். மேசையில் பதினைந்து நாள் படங்களும் பதினைந்து நாள் கையெழுத்துத் தாள்களும் இருந்தன. பர்ராந்தெஸ் கொடியவர் அல்லர். ஒன்றைச் செய்து முடிக்கும்படி மேலிடம் நெருக்கிக்கொண்டிருந்த மனிதர்.

“முதல் பாதி அருமையா இருக்கு, தோன் எலாதியோ. ரெண்டாவது பாதியில எனக்கு உங்க கையெழுத்துதான் தெரியுது. பறவை தெரியல.”

“எழுதினது எல்லாம் நான் எண்ணினது, இஞ்சினியர். அறுநூத்துப் பன்னிரண்டு கூடு. மூணு போச்சு, அறுநூத்து ஒன்பது.”

“நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல. விதி படத்தைக் கேக்குது. கேமராவுக்கு என்ன ஆச்சு?”

எலாதியோ என் பக்கம் திரும்பவில்லை. பறவையைப் பார்க்காமலிருப்பதுபோல, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“கார்டை நான்தான் தப்பாப் போட்டேன்.”

நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. கூட்டம் முடிந்து அவர் படித்துறைக்குப் போகையில் உடன் நடந்தேன்.

“தோன் ஆபெல், இனிமே அந்தக் கார்டு வந்தா குட்டித் தாழ்ப்பாளைத் தொடாதீங்க. அது பூட்டியே இருக்கணும்.”

அவர் விளக்கினார்.

“அப்போ ஏன் என் பேரைச் சொல்லல?”

“சொன்னா மட்டும் படம் வந்துடுமா? உங்களுக்கு ஓய்வுக்கு எட்டு மாசந்தான் இருக்குன்னு காசிமீரோ சொன்னான். எனக்கு என்ன, கண்டிச்சு ஒரு கடுதாசி வரும். ஞாயித்துக்கிழமை படிச்சுக்கறேன்.”

அவர் அறியாத ஒன்றை நான் அறிந்திருந்தேன். விதி நாற்பத்தொன்று, உட்பிரிவு இரண்டு: பதிவில் நேர்ந்த இடைவெளி அலுவலகத்தின் பிழையால் எனில், புதிதாக முப்பது நாள் பதிவு செய்யப்படும் வரை அச்சரிவில் வேலை தொடங்கலாகாது. அந்த விதித்தொகுப்பைத் தட்டச்சு செய்தவன் நான். பர்ராந்தெஸின் அறை பத்தடி தொலைவில் திறந்தே இருந்தது. பகலுணவுக்குப் பின் சொல்லலாம் என்று எண்ணினேன். பிறகு மறுநாள் என்று எண்ணினேன். முப்பத்தைந்தாண்டுகளில் என் பணிப்பதிவேட்டில் ஒரு கரும்புள்ளியும் இல்லை. நான் சொல்லவில்லை.

டிசம்பர் 10, திங்கட்கிழமை, கூலியாட்கள் வடக்குச் சரிவில் இறங்கினர். இதற்குள் எலாதியோ தெற்குக் காற்றோடு வந்த ஒரு மூட்டத்தில் சென்று தாழைப் பூட்டிவிட்டிருந்தார், கேமரா விழித்திருந்தது. அன்று அவர் வீட்டுக்குள் அமர்ந்து மணிக்கு ஒன்றல்ல, பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தார். கார்டு முறைப்படி எனக்கு வந்தது; முறைப்படி எண்ணிட்டேன்; படங்களைப் பார்த்தேன். எட்டு ஐம்பதுக்குச் சரிவு நிறையப் பறவைகள், அவற்றின் கீழே சாம்பல் தூவி முளைத்த குஞ்சுகள். ஒன்பது பத்துக்கு வானம் முழுக்கச் சிறகுகள். ஒன்பது நாற்பதுக்குக் கடற்காகங்கள். பிற்பகல் படம் ஒன்றில் மலைநாட்டுக் கூலியாள் ஒருவர் தம் தொப்பியைக் கழற்றி ஒரு குஞ்சின் மேல் கவிழ்த்துவிட்டு, வெயிலில் வெறுந்தலையோடு வெட்டிக்கொண்டிருந்தார். கடைசிப் படத்தில் மூட்டைகள் இருந்தன, தொப்பியும் இருந்தது. கூழைக்கடாக்கள் திரும்பி அமரவில்லை. அதற்குப் பிந்தைய ஆண்டுகளிலும் வரவில்லை.

நான் 2019 ஜூலையில் ஓய்வு பெற்றேன். மாலையிட்டுப் பாராட்டினார்கள். எலாதியோ 2021இல் ஓய்வு பெற்றார். எச்சத் தூசு முப்பத்தோராண்டுகளாக அவர் நுரையீரலில் படிந்திருந்தது. வார்மெய்யில் நில்தா வீட்டின் பின்னறையில் படுத்தார். யெசேனியா அந்தக் கேமராவை அவரிடமே விட்டுவிட்டார். நில்தா ஆள் வைத்து அதை மொட்டைமாடியில் ஒரு கம்பத்தில் கட்டி, தீவை நோக்கித் திருப்பிவைத்தாள். அங்கிருந்து சான் பசிலியோ கடலின் விளிம்பில் வெளுத்த ஒரு மேடாக மட்டும் தெரியும். தினமும் காலை பத்து மணிக்கு, படுக்கையில் இருந்தபடி, அவர் கைப்பேசியில் விரல் வைப்பார். படத்தைப் பெரிதாக்கி வடக்குப் பக்கத்தைப் பார்ப்பார். ஒரு நோட்டில் எழுதுவார்: “இல்லை.”

2023 ஜனவரி 15 அன்றுதான் அவரைப் பார்க்கப் போனேன். கடற்கரை நெடுகப் பறவை நோயில் இறந்த கூழைக்கடாக்கள் ஒதுங்கிக் கிடந்த, எங்கள் நாட்டு ஜனவரிக் கோடை அது; வெள்ளுடை அணிந்த ஆட்கள் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவற்றைக் கடந்துதான் நில்தாவின் தெருவுக்குப் போகவேண்டியிருந்தது.

“அப்பா, ஆபீஸ்லேர்ந்து தோன் ஆபெல் வந்திருக்கார்.”

“உட்காரச் சொல்லு. நோட்டு எதையாவது எண்ணிட்டு எடுத்துட்டுப் போயிடப் போறார், பாத்துக்க.”

நில்தா சிரித்தாள். அவள் காப்பி போடப் போனதும் சொன்னேன். விதி, உட்பிரிவு, திறந்திருந்த அறை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது.

“எத்தனாவது விதின்னீங்க?”

“நாற்பத்தொன்று. உட்பிரிவு ரெண்டு.”

“நாற்பத்தொன்று, ரெண்டு,” என்று மெல்ல ஒப்பித்தார். விரல் விட்டு நாட்களை எண்ணினார். பிறகு சொன்னார்:

“இன்னும் முப்பது நாள் கிடைச்சிருக்கும்.”

“ஆமா.”

“ஜனவரி முதல் வாரம். குஞ்சு பெருசாகிப் பறக்க ஆரம்பிச்சிருக்காது. ஆனா படம் முழுசா இருந்திருக்கும். வெட்ட முடிஞ்சிருக்காது.”

“ஆமா, தோன் எலாதியோ.”

“பென்ஷன் ஒழுங்கா வருதா?”

“வருது.”

“அது வரைக்கும் சரி.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காப்பியைக் குடித்தோம். அவருக்கு நில்தா கரண்டியால் கொடுத்தாள். புறப்படும்போது கேட்டார்:

“மாடில கேமராவுக்கு மின்கலம் மாத்தணும். நில்தாவுக்கு ஏணின்னா பயம், வாரா வாரம் ஆள் தேடறா. நீங்க ஏறுவீங்களா?”

“ஏறுவேன்.”

“கார்டைத் தொடாதீங்க.”

ஏறி மாற்றினேன். கார்டைத் தொடவில்லை. அது முதல் வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறுகளில், மின்கலம் மாற்றப் போனேன். மின்கலத்தைப் பற்றியும் நில்தாவின் ஏணியைப் பற்றியும் தவிர நாங்கள் வேறெதுவும் பேசிக்கொண்டதில்லை. மார்ச்சில் அவர் எழுதும் “இல்லை” நோட்டின் கோட்டை விட்டுக் கீழே சரியத் தொடங்கியது. பிறகு அவர் சொல்ல, நில்தா எழுதினாள். பொத்தானை மட்டும் யாரிடமும் விடவில்லை.

ஏப்ரல் 13 விடியலில் காலமானார். கார்டை நில்தா என்னிடம் கொடுத்தாள். தாழ் பூட்டிய நிலையில், அசையாதபடி, அதன் மேல் அவள் நகச்சாயத்தில் ஒரு துளி வைத்து அவர் ஒட்டியிருந்தார். எத்தனை ஆண்டுகளுக்கு முன் செய்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசிப் படத்தில் கடல், அதன் விளிம்பில் வெளுத்த மேடு, வேறொன்றும் இல்லை. எலாதியோ பாந்தா கெரெவலு கடைசியாகப் பொத்தானில் விரல் வைத்தது 2023 ஏப்ரல் 11, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இரண்டு நிமிடம்.